மூளைக்குள் ஒரு ரெகுலேட்டர்

எப்படி இயங்குகிறது? பிரஷர் ஏறி இறங்கும்போது மூளையின் நுண் ரத்தக் குழாய்களில் நடப்பது என்ன?

கேஸ் அடுப்பில் பாலை வைத்துப் பற்ற வைக்கிறோம். சித்திரை வெயிலில் சிலிண்டர் தொட்டாலே சுடுகிறது. மார்கழி விடியலில் அதே சிலிண்டர் சில்லிட்டுக் கிடக்கிறது. வெயிலில் அதற்குள் வாயுவின் அழுத்தம் கூடும், குளிரில் குறையும். ஆனால் அடுப்பில் எரியும் நீலச் சுடர் இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில்தான் நிற்கிறது. சிம்மில் வைத்தால் சிம்மிலேயே எரிகிறது. இந்த வேலையைச் செய்வது சிலிண்டரின் வாயில் மாட்டியிருக்கும் ரெகுலேட்டர்.

மூளைக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ரத்த அழுத்தம் நாள் முழுக்க ஏறி இறங்கினாலும், மூளைத் திசுவுக்குப் போய்ச் சேரும் ரத்தத்தின் அளவு பெரிதாக மாறாமல் அது பார்த்துக்கொள்கிறது. ஒழுங்காக வேலை செய்யும்வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. அது தளர்ந்தால் முதலில் அடி வாங்குவது மூளையின் ஆழத்தில் ஓடும் மிகச் சிறிய ரத்தக் குழாய்கள். முதுமையில் வரும் நடைத் தளர்ச்சி, யோசனையில் வரும் மந்தம், சிறு பக்கவாதம் ஆகியவற்றில் கணிசமான பங்கு இந்தக் குழாய்களின் கேட்டிலிருந்துதான் தொடங்குகிறது. இது எப்படி நடக்கிறது என்பதை அடுப்பை வைத்தே படிப்படியாகப் பார்த்துவிடலாம்.

அடுப்பின் மூன்று பாகங்கள்

முதல் பாகம் ரெகுலேட்டர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வும் ஒரு சுருள்வில்லும் இருக்கின்றன. வெளியே போகும் வாயுவின் அழுத்தம் கூடினால் அது சவ்வை மேலே தள்ளும். சவ்வோடு சேர்ந்த நெம்புகோல் வாயு வரும் வழியைக் குறுக்கும். அழுத்தம் குறைந்தால் வில் சவ்வைக் கீழே அழுத்தும். வழி மறுபடி அகலும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட அடுப்புக்கு வருவதில்லை.

இரண்டாவது, ஆரஞ்சு நிற ட்யூப். புதிதாக இருக்கும்போது வளைந்து கொடுக்கும். வருஷங்கள் போகப்போக விறைக்கும், வெடிப்பு விடும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான்.

மூன்றாவது, பர்னர். பித்தளைத் தலையைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். சமையல் நடப்பது இந்தத் துளைகளின் வாயில்தான். பால் பொங்கி வழிந்து நாலு துளை அடைபட்டால் அந்த இடத்தில் சுடர் வராது; பாத்திரத்தின் அந்தப் பக்கம் வேகாது.

உடம்பில் ட்யூபின் இடத்தில் இருப்பவை மகாதமனியும் கழுத்து வழியாக மூளைக்கு ஏறும் பெரிய தமனிகளும். பர்னர் துளைகளின் இடத்தில் இருப்பவை மூளைக்குள் துளைத்துச் செல்லும் நுண்தமனிகள். ரெகுலேட்டர் எங்கே என்று தேடினால், மூளையில் அது ஒரே இடத்தில் இல்லை. ஒவ்வொரு சிறு தமனியின் சுவரிலும் வளையமாகச் சுற்றியிருக்கும் தசைதான் ரெகுலேட்டர். ஒரு துளைக்கு ஒரு ரெகுலேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சிலிண்டர் வாயுவைச் சீராக விடுகிறது. இதயம் துடித்துத் துடித்துத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு எழுபது முறை ஏறி இறங்கும் ஒரு சிலிண்டரைக் கற்பனை செய்தால்தான் மூளையின் நிலைமை புரியும்.

மூளைக்கு ஏன் இவ்வளவு ரத்தம்?

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம். ஆனால் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தையும், உடம்பு பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதத்தையும் அது எடுத்துக்கொள்கிறது. நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம். தசை கொஞ்ச நேரம் ரத்தம் குறைந்தாலும் தாங்கும். மூளைக்குச் சேமிப்பு கிடையாது. ரத்தம் நின்றால் சில நொடிகளில் நினைவு தப்பும். சில நிமிஷங்களில் செல்கள் சாகத் தொடங்கும்.

இவ்வளவு ரத்தம் ஓயாமல் உள்ளே வர வேண்டுமானால் வழியில் தடை குறைவாக இருக்க வேண்டும். அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தடை குறைவு என்பதால் இதயத்துடிப்பின் அதிர்வும் வழியிலேயே அடங்கிவிடாமல் மூளையின் ஆழம்வரை போகிறது. சிறுநீரகத்துக்கும் இதே நிலைதான். பிரஷர் நோயில் மூளையும் சிறுநீரகமும் சேர்ந்து கெடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பிரஷர் ஒரு நாளில் எத்தனை வேஷம் போடுகிறது

டாக்டர் 120/80 என்று எழுதித் தருகிறார். அது அந்த நிமிஷத்துக் கணக்கு. இதயம் சுருங்கித் தள்ளும்போது 120 மில்லிமீட்டர் பாதரசம், தளரும்போது 80. அடுத்த துடிப்பிலேயே அது 118 ஆகலாம், 124 ஆகலாம்.

தூங்கும்போது அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவது இயல்பு. விழித்து எழும் நேரத்தில் விறுவிறுவென்று ஏறும். மாடிப்படி ஏறினால், கோபப்பட்டால், விடாமல் இருமினால், மலச்சிக்கலில் முக்கினால் ஏறும். கையில் பட்டை கட்டி அளக்கும்போது பேசிக்கொண்டிருந்தாலே சில புள்ளிகள் கூடும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு, குறிப்பாக வயதானவர்களுக்கு, இறங்கும். படுக்கையிலிருந்து சட்டென எழுந்தாலும் இறங்கும். இவையெல்லாம் நோய் அல்ல. ஏறாமலும் இறங்காமலும் ஒரே எண்ணில் நிற்கிற பிரஷர் யாருக்கும் கிடையாது.

கவனிக்க வேண்டியது ஏற்ற இறக்கத்தின் அளவு. மருத்துவர்கள் இதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். துடிப்புக்குத் துடிப்பு, நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுவது ஒன்று. பகலுக்கும் இரவுக்கும், இன்றைக்கும் நாளைக்கும் மாறுவது இன்னொன்று. மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு முறை 130, மறுமுறை 165, அடுத்த முறை 140 என்று வருவது மூன்றாவது. மூன்றும் வேறு வேறு காரணங்களால் வரலாம். சுமை வந்து இறங்கும் இடம் ஒன்றுதான்: மூளையின் நுண் ரத்தக் குழாய்கள்.

ரெகுலேட்டர் வேலை செய்யும் விதம்

1902-இல் இங்கிலாந்தின் உடலியலாளர் வில்லியம் பேலிஸ் ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதினார். சிறு தமனிக்குள் அழுத்தம் கூடி அதன் சுவர் இழுபட்டால், சுவரிலுள்ள தசை தானாகவே சுருங்குகிறது. அழுத்தம் குறைந்தால் தானாகவே தளர்கிறது. நரம்பின் கட்டளைக்கு அது காத்திருப்பதில்லை. ரெகுலேட்டரின் சவ்வும் வில்லும் செய்கிற வேலையை இங்கே ஒரே தசை செய்துவிடுகிறது.

1959-இல் டென்மார்க்கின் நீல்ஸ் லாசன், அதுவரை வந்த அளவீடுகளைத் திரட்டி ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினார். சராசரி அழுத்தம் சுமார் 60-இலிருந்து 150 வரை எங்கே இருந்தாலும் மூளையின் ரத்த ஓட்டம் ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது என்றது அந்த வரைபடம். இங்கே சராசரி என்பது கீழ் எண்ணோடு, மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் வருவது. 120/80 என்றால் 93. 180/110 என்றால் 133. இரண்டுமே அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. அந்தச் சமதளப் பகுதி லாசன் வரைந்த அளவுக்கு அகலமில்லை, ஆளுக்கு ஆள் மாறும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் திருத்தின. அடிப்படை மட்டும் மாறவில்லை.

மேல் எல்லையைத் தாண்டினால் தசையால் தாக்குப்பிடிக்க முடியாது. குழாய் விரிந்துபோகும், சுவரிலிருந்து நீர் கசியும், மூளை வீங்கும். கீழ் எல்லைக்குக் கீழே போனால் குழாய் எவ்வளவு அகன்றாலும் ரத்தம் போதாது. தலை கிறுகிறுக்கும், கண் இருட்டும்.

இந்த ரெகுலேட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. அது உடனே வேலை செய்யாது. நார்வேயைச் சேர்ந்த ரூன் ஆஸ்லிட், மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை ஒலியலையால் அளக்கும் முறையை 1982-இல் கொண்டுவந்தார். 1989-இல் அதை வைத்து ஒரு சோதனை செய்தார். ஆரோக்கியமானவர்களின் இரண்டு தொடைகளிலும் பட்டை கட்டிக் காற்றடித்து, சில நிமிஷம் கழித்துச் சட்டென அவிழ்த்துவிட்டார். ரத்தம் கால்களுக்குப் பாய, உடம்பின் அழுத்தம் விழுந்தது. மூளைத் தமனியில் ஓடும் ரத்தத்தின் வேகமும் கூடவே விழுந்தது. பிறகு சில நொடிகளில், அழுத்தம் பழைய நிலைக்கு ஏறுவதற்கு முன்பே, மூளையின் ஓட்டம் மட்டும் பழைய அளவுக்குத் திரும்பியது.

ரெகுலேட்டர் இருப்பதையும், அதற்குச் சில நொடி அவகாசம் தேவை என்பதையும் இந்தச் சோதனை ஒருசேரக் காட்டியது. மெதுவாக வரும் மாற்றத்தை மூளை சமாளித்துவிடும். திடீரென வரும் ஏற்றமும் இறக்கமும், இதயத்தின் ஒவ்வொரு துடிப்பும், அந்த நொடிகளின் இடைவெளியில் உள்ளே நுழைந்துவிடும். பிரஷரின் சராசரி நன்றாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் தனியாகக் கவனிக்கப்படுவது இதனால்தான்.

பர்னர் துளைகள்

மூளையின் நடுத் தமனி, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக நாடி பார்க்கும் குழாயைப் போல அகலமானது. அதிலிருந்து நேர்கோணத்தில் கிளம்பி மூளையின் ஆழத்துக்குள் துளைத்துச் செல்கின்றன சில மெல்லிய தமனிகள். ஒவ்வொன்றின் அகலமும் அரை மில்லிமீட்டருக்குள். பலவற்றுக்கு அதிலும் பாதிகூட இல்லை. கை காலை அசைக்கும் நரம்பு இழைகள் நெருக்கமாகச் சேர்ந்து இறங்கும் இடத்துக்கு ரத்தம் கொடுப்பவை இவைதான்.

வேறு இடங்களில் பெரிய தமனி கிளைவிட்டுக் கிளைவிட்டுப் படிப்படியாகச் சிறுக்கும். ஒவ்வொரு கிளையிலும் அழுத்தம் கொஞ்சம் குறையும். இங்கே பெரிய குழாயிலிருந்து ஒரே தாவலில் மிகச் சிறிய குழாய். நடுவில் அழுத்தத்தைத் தணிக்கும் படிகள் இல்லை. அதோடு இவற்றில் பெரும்பாலானவை முட்டுச்சந்து. ஒன்று அடைபட்டால் பக்கத்துக் குழாய் வந்து உதவாது. அந்தத் துளையின் கீழ் இருந்த திசு அதோடு போயிற்று.

இன்னொரு கூட்டம் மூளையின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி இறங்கி, வெள்ளைப் பகுதி வழியாக நீண்ட தூரம் போகிறது. மூளையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் ஓடும் இடம் அது. சாம்பல் பகுதியோடு பார்க்கும்போது இங்கே ரத்த ஓட்டம் மிகக் குறைவு. குழாய்களின் கடைமுனைகள் வேறு. அழுத்தம் விழுந்தால் முதலில் காய்வது இந்தக் கடைமடைதான்.

இவற்றுக்கும் அப்பால் இருப்பவை தந்துகிகள். ஒரு ரத்தச் சிவப்பணு உடம்பை நெளித்துக்கொண்டு நுழையும் அளவுக்கு மெல்லியவை. ஒரு மூளையில் உள்ள தந்துகிகளை எல்லாம் நீளவாக்கில் இணைத்தால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

என்ன கெடுகிறது?

முதலில் கெடுவது ட்யூப். இளமையில் மகாதமனி ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் விரிந்து அதிர்வை வாங்கிக்கொள்ளும். வயதாலும் பிரஷராலும் சர்க்கரையாலும் புகையாலும் அது விறைத்துப்போகிறது. விறைத்த குழாயில் மேல் எண் கூடும், கீழ் எண் குறையும். 130/80 இருந்தவருக்கு 165/70 வரும். கீழ் எண் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்படுவோம். உண்மையில் இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 50-இலிருந்து 95 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மூளையின் நுண்தமனி வாங்கும் அடி ஏறத்தாழ இரட்டிப்பு.

அடுத்துக் கெடுவது துளைகளின் சுவர். அடி வாங்கி அடி வாங்கிச் சுவர் தடிக்கிறது, தசை செத்து அந்த இடத்தில் நார் சேர்கிறது, உள்வழி குறுகுகிறது. தசை போய்விட்டால் ரெகுலேட்டரும் போய்விட்டது என்று அர்த்தம். ரத்தத்திலுள்ளவை மூளைத் திசுவுக்குள் புகாமல் தடுக்கும் உட்சுவர்த் தடுப்பும் லேசாகக் கசியத் தொடங்குகிறது. குறுகிய வழி அடைபட்டால் சிறு பக்கவாதம். பலவீனமான சுவர் பிய்ந்தால் ரத்தக் கசிவு. ஒரே நோய் இரண்டு விதமாகவும் முடியலாம்.

அடுப்பு உவமை இந்த ஓர் இடத்தில் பொருந்தாது. அடைபட்ட பர்னரைக் கழற்றிப் பிரஷ் போட்டுக் கழுவலாம். துளையைக் குண்டூசியால் குத்தி எடுக்கலாம். இந்தத் துளைகளைக் கழுவ வழியில்லை. கெடாமல் காப்பது ஒன்றே வைத்தியம்.

நுண்தமனிகள் இப்படிக் கெடுவதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் மில்லர் ஃபிஷர். கனடாவில் பிறந்து, பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர். இறந்தவர்களின் மூளைகளை வரிசையாக வெட்டிப் பார்த்து 1965-இல் எழுதிய கட்டுரையில், 1,042 மூளைகளில் 114-இல் ஆழத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருந்ததைக் கணக்கெடுத்தார். அந்த 114 பேரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் பிரஷர் இருந்திருக்கிறது. குழிக்கு ரத்தம் கொடுத்த தமனியைத் துண்டு துண்டாக நறுக்கி, நுண்ணோக்கியில் அதன் பாதை நெடுகத் தேடிப் போய், அடைப்பு எங்கே என்று காட்டியதும் அவர்தான்.

இன்று அந்தக் குழிகளைப் பார்க்க எம்.ஆர்.ஐ. போதும். அறிக்கையில் மருத்துவர்கள் தேடுவது முக்கியமாக நான்கு: வெள்ளைப் பகுதியில் பளிச்சென்று தெரியும் திட்டுகள், 3 முதல் 15 மில்லிமீட்டர் வரையிலான சிறு குழிகள், கரும்புள்ளிகளாகத் தெரியும் நுண் ரத்தக் கசிவுகள், குழாய்களைச் சுற்றி விரிந்துபோன இடைவெளிகள். அறுபதைத் தாண்டிய பலருடைய எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டு கொஞ்சமாவது இருக்கும். அறிக்கையில் அந்த வரியைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. பிரஷரைக் கவனிக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு அது.

ஏற்றம் மட்டுமல்ல, இறக்கமும்

பல வருஷம் பிரஷரோடு வாழ்ந்தவரின் மூளை அதற்கே பழகிவிடுகிறது. ரெகுலேட்டரின் வில்லை முறுக்கி மேலே வைத்தது போல, அது வேலை செய்யும் எல்லை முழுவதும் மேல்நோக்கி நகர்கிறது. மற்றவருக்குச் சாதாரணமான அழுத்தம் இவருக்குக் குறைவாகிவிடும்.

இதை மருத்துவ உலகம் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் பிரஷர் திடீரென ஏறினால் நிஃபெடிபைன் மாத்திரையை உடைத்து நாக்கின் அடியில் விடுவது வழக்கம். அரை மணி நேரத்தில் எண் சரசரவென இறங்கும், பார்ப்பவர்களுக்கு நிம்மதி. ஆனால் சிலருக்கு அந்த இறக்கத்திலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. இந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. பழகிப்போன எல்லையை மெல்ல மெல்லத்தான் கீழே கொண்டுவர வேண்டும். வாரக்கணக்கில் கொண்டுவந்தால் மூளையும் இணங்கி வரும்.

வீட்டில் நடப்பதைப் பாருங்கள். எழுபது வயதுத் தாத்தா ராத்திரி இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்கப் போர்வையை விலக்கிவிட்டு எழுகிறார். ரத்தம் கால்களுக்கு இறங்குகிறது. இளைஞர்களுக்கு உடம்பு சில நொடிகளில் ஈடுகட்டிவிடும். இவருக்கு ட்யூபும் விறைப்பு, ரெகுலேட்டரும் மந்தம். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது, யாரிடமும் சொல்வதில்லை. எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் மேல் எண் 20-ஓ கீழ் எண் 10-ஓ குறைந்தால் அது கவனிக்க வேண்டிய இறக்கம். டாக்டரிடம் போகும்போது நிற்கவைத்தும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இரவுக் கணக்கும் முக்கியம். ஜப்பானின் கசுவோமி காரியோவும் அவருடைய குழுவினரும் முதியவர்களுக்கு 24 மணி நேரமும் பிரஷர் அளந்து பார்த்தார்கள். இரவில் அழுத்தம் குறையாமல் ஏறுகிறவர்களுக்கும், அளவுக்கு மீறி இறங்குகிறவர்களுக்கும், விடிந்ததும் செங்குத்தாக ஏறுகிறவர்களுக்கும் மூளையில் பாதிப்பு அதிகம் என்று கண்டார்கள். சுவர் கெடுவது ஏற்றத்தில். கடைமடை காய்வது இறக்கத்தில்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

2010-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ராத்வெல் குழு லான்செட் இதழில் ஒரு கேள்வியை உரக்க எழுப்பியது. சிறு பக்கவாதம் வந்தவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்ததில், சராசரி பிரஷர் எவ்வளவு என்பது ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு முறை வரும்போதும் எண் எவ்வளவு மாறுகிறது என்பது அடுத்த பக்கவாதத்தை வலுவாக முன்னறிவித்தது. சராசரி ஒன்றாகவே இருந்தாலும், ஏற்ற இறக்கம் அதிகம் உள்ளவருக்கு ஆபத்து அதிகம். அம்லோடிபின் வகை மாத்திரைகளில் ஏற்ற இறக்கம் குறைவாகவும் அட்டெனலால் வகையில் அதிகமாகவும் இருந்ததையும் அதே குழு காட்டியது. எம்.ஆர்.ஐ. வைத்து நடந்த பல ஆய்வுகளிலும் பிரஷர் அதிகம் ஆடுபவர்களுக்கு வெள்ளைத் திட்டுகள் கூடுதலாகத் தெரிந்தன.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் குழாயைக் கெடுக்கிறதா, கெட்டுப்போன குழாய்தான் ஆட்டத்தை உண்டாக்குகிறதா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. விறைத்த தமனி பிரஷரை ஆட வைக்கும். ஆடும் பிரஷர் தமனியை விறைக்க வைக்கும். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே நியாயமான முடிவு. ஆட்டத்தை மட்டும் குறைக்கத் தனி மாத்திரை எதுவும் இல்லை.

சராசரியைக் குறைத்தால் மூளை பிழைக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வில் 9,361 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் 50 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை இல்லாதவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு, பிரஷரின் மேல் எண்ணை 140-க்குக் கீழ் கொண்டுவருவது இலக்கு. மறுபாதிக்கு 120-க்குக் கீழ். எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் சுமார் நாலு வருஷத்தில் வெள்ளைத் திட்டு முதல் கூட்டத்துக்கு 1.45 கன சென்டிமீட்டர் கூடியது. இரண்டாவது கூட்டத்துக்கு 0.92. மறதியின் முதல் படியான லேசான அறிவுத்திறன் குறைவு, தீவிரமாகக் குறைத்தவர்களுக்கு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதி நோயில் வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. இந்த முடிவுகள் 2019-இல் வெளிவந்தன. ஆக, முதல் வேலை சராசரியைக் குறைப்பது. அடுத்த வேலை அதை ஆடாமல் வைத்திருப்பது.

வீட்டில் எப்படித் தெரியும்?

நுண்குழாய் நோய் பெரும்பாலும் பெயர் மறப்பதில் தொடங்குவதில்லை. வேகம் குறைவதில் தொடங்குகிறது. நாற்பது வருஷம் சமைத்தவர் சாம்பாரின் செய்முறையைக் கேட்டால் ஒப்பிப்பார். ஆனால் ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் தாளிப்பு, நடுவில் காய் நறுக்குவது என்று மூன்றையும் சேர்த்து நடத்தத் திணறுவார். பருப்பு வெந்த பிறகுதான் புளி ஊற வைக்கவில்லை என்று நினைவு வரும். முன்பு அரை மணி நேரத்தில் முடிந்த சமையல் ஒன்றரை மணி நேரம் இழுக்கும். திட்டமிடுவதும் வரிசைப்படுத்துவதும் மூளையின் பல பகுதிகள் கூடிச் செய்கிற வேலை. அவற்றை இணைக்கும் வெள்ளைப் பகுதி கெட்டால் முதலில் இதுதான் தடுமாறும்.

நடையில் எட்டு குறுகும். கால் தரையை உரசும். சிறுநீரை அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கும். எதிலும் ஆர்வம் குன்றும். வீட்டார் அதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்வார்கள். வயசாச்சு என்று விட்டுவிடாமல் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

என்ன செய்யலாம்?

அளப்பதிலிருந்து தொடங்குவோம். தப்பாக அளந்தால் இல்லாத ஆட்டம் இருப்பதாகத் தெரியும். காபி குடித்த கையோடு, மாடி ஏறி வந்த மூச்சோடு, டிவி பார்த்துக்கொண்டு அளக்க வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கை மேஜை மேல், பட்டை இதயத்தின் உயரத்தில். மேல்கையில் கட்டும் கருவியே நல்லது. கை பருத்தவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், இரவில் படுக்கைக்கு முன், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது பிரஷர்தான். தலை வலித்தால் ஒருமுறை, படபடத்தால் ஒருமுறை என்று நாளுக்குப் பத்து முறை அளப்பது பயத்தைத்தான் வளர்க்கும். பயம் எண்ணை ஏற்றும்.

அடுத்தது மாத்திரை. இங்கே ஆட்டத்துக்குப் பெரிய காரணம் மாத்திரையை விட்டு விட்டுப் போடுவது. நார்மல் ஆகிடுச்சு என்று நிறுத்துவது, ஏறியதும் மறுபடி தொடங்குவது. மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். மாத்திரைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஒருவேளை மறந்தாலும் சட்டென ஏறாது. குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் பிரஷர் முன்பைவிட மேலே எகிறும். நாளுக்கு ஒருவேளை போட்டால் போதும் என்ற மாத்திரையாகக் கேட்டு வாங்கிக்கொள்வது தவறாமல் போட உதவும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆஸ்பத்திரிக்குப் போக முடியாததால் மாத்திரை விட்டுப்போகிறது என்றால், அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவுசெய்துகொள்ளலாம்.

மற்றவை தெரிந்தவைதான். உப்பு நாளுக்கு ஐந்து கிராமுக்குள். குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் ஈடுகட்டினால் பயனில்லை. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் இரவில் பிரஷர் இறங்காது. அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. புகையை நிறுத்த வேண்டும், மதுவையும் விட வேண்டும். தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். வயதானவர்கள் படுக்கையிலிருந்து எழும்போது ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, பாதங்களை அசைத்துவிட்டு எழ வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் விழுந்தால், பேச்சு குழறினால், பிரஷர் மெஷினைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டிலேயே பிரஷர் மாத்திரை கொடுத்து இறக்கப் பார்க்காதீர்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து ஓடுகிறது. பத்து நிமிஷத்தில் எல்லாம் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.